வயது போவது ஒரு வருத்தமில்லை

"வயசு போட்டுது, இனி என்ன செய்யிறது?" ஒரு கிழட்டு நாய் விடிய எழும்ப ஏலாமல் இரண்டு மூன்று தரம் தெண்டிக்கும்போது எங்கட ஊர்களில் முதலில் வருகிற வசனம் இதுதான். இதில் பாசம் இல்லை என்று நாங்கள் சொல்ல வரவில்லை. சொல்கிறவர் பெரும்பாலும் அந்த நாய்க்குப் பத்துப் பன்னிரண்டு வருசமாய்ச் சோறு வைத்தவர். ஆனால் அந்த வசனத்தோடு கதை முடிந்துவிடுகிறது. வயது என்பது எந்த வருத்தத்தின் பெயரும் இல்லை. மூட்டுத் தேய்வு ஒரு வருத்தம். நாரி முள்ளந்தண்டில் நரம்பு நெரிபடுவது ஒரு வருத்தம். உண்ணியால் வருகிற காய்ச்சல்களும் மூட்டு நோவைத் தரும். அவற்றுக்கு வேறு மருந்து. எல்லாவற்றையும் "வயசு" என்ற ஒரு சாக்குக்குள் போட்டுக் கட்டிவிட்டால் நாய் படுத்த இடத்திலேயே கிடக்கும். நாங்களும் பாவம் பாவம் என்று சொல்லிக்கொண்டு கடந்து போவோம்.

இந்தக் கட்டுரையை எழுதப்போகிறோம் என்றதும் எங்கட குழுவுக்குள்ளேயே ஒரு சிரிப்பு வந்தது. "மனுசருக்கே கிளினிக்கில நம்பர் எடுத்து அரை நாள் இருக்கவேண்டிக் கிடக்கு, நாய்க்குப் பிசியோதெரபியோ?" நியாயமான கேள்விதான். எங்களுக்கும் அந்தக் கேள்வி இருந்தது. ஆனால் யோசித்துப் பார்த்தால் ஒன்று விளங்கும். நாயின் நோவைப் பார்க்கிறதால் எந்தக் கிழவியின் நம்பரும் பின்னுக்குப் போவதில்லை. கால்நடை வைத்தியர் வேறு ஆள், மருந்து வேறு மருந்து. தேவைப்படுகிற மற்றதெல்லாம் வீட்டிலேயே கிடக்கிற சாமான்கள். ஆடம்பரம் என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருக்கிற விசயத்தின் முக்கால்வாசி, பழைய சாக்கும் பழைய சாரமும்தான்.

இன்னொரு சிக்கல் சொல்லில் இருக்கிறது. வைத்தியத்தில் இதற்குப் புனர்வாழ்வு என்று பெயர். அந்தச் சொல்லை 2009க்குப் பிறகு எங்களால் சும்மா ஒரு சொல்லாகக் கேட்க முடிவதில்லை. முகாம், கம்பிவேலி, பெயர்ப்பட்டியல் எல்லாம் அதோடு சேர்ந்து வரும். அதனால் இந்தக் கட்டுரையில் நாங்கள் அதைப் பாவிக்கவில்லை. இயன்மருத்துவம் என்றே எழுதுகிறோம். உள்ளடக்கம் எங்களுக்குப் புதிதில்லை. செயற்கைக்காலைப் போட்டுக்கொண்டு இரண்டு கம்பிகளைப் பிடித்தபடி நடக்கப் பழகிய அண்ணாமாரையும் அக்காமாரையும் பார்த்து வளர்ந்தவர்கள் நாங்கள். இழந்த அசைவை ஊசி மட்டும் திருப்பித் தராது. ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சமாய்ச் செய்கிற பயிற்சி தரும் என்பது எங்கட மண்ணில் எல்லாருக்கும் தெரியும். நாயின் மூட்டுக்கும் அதே கணக்குத்தான்.

முதலில் நோ இருக்கிறதா என்று கண்டுபிடிக்கவேண்டும். "அது கத்தேல்லையே, பிறகென்ன நோ?" என்று கேட்கிறார்கள். நாய் காலில் மிதிபட்டால் கத்தும். மாதக்கணக்காய் உளைகிற மூட்டுக்கு அது கத்தாது. அமைதியாகும். கேற்றடிக்கு ஓடி வந்தது படுத்தபடியே வாலை ஆட்டும். மூன்று படி ஏறி விறாந்தைக்கு வந்தது முற்றத்திலேயே நின்றுவிடும். ஒரே மூட்டை நக்கி நக்கி அந்த இடத்து மயிர் நிறம் மாறும். பின்னங்கால் தொடை வற்றி, பாரத்தை முன்னங்காலுக்குக் கொடுத்து நிற்பதால் முன்பக்கம் மட்டும் ஆள் மாதிரித் தெரியும். நடை குறைவதால் நகம் தேயாமல் நீளும், நீண்ட நகம் நடையை இன்னும் கெடுக்கும். சின்னப் பிள்ளைகள் முதுகில் கை வைத்தால் உறுமும். "கிழடு பத்திப்போச்சு, குணம் மாறிப்போச்சு" என்று இதைத்தான் சொல்கிறோம். குணம் மாறியிருக்காது, தொட்ட இடம் நொந்திருக்கும்.

எங்களில் ஒருத்தியின் வீட்டு நாய்க்கு வீமன் என்று பெயர். அல்சேசன் கலப்பு, 12 வயது, 31 கிலோ. பெயருக்கேற்ற சாப்பாடு. பிள்ளைகள் எல்லாரும் கொழும்பிலும் வெளியிலும். வீமனோடு வலிகாமத்தில் அம்மா மட்டும். மழைக்காலம் தொடங்கவும் பின்பக்கம் விறைத்து, எழும்ப ஐந்து நிமிசம் எடுக்கத் தொடங்கியது. இனி எங்கே கொண்டு போவது? தேடினபோதுதான் எங்களுக்கு நிலைமை வடிவாய் விளங்கியது. நாட்டில் கால்நடை வைத்தியர்களைப் படிப்பித்து எடுக்கிற பீடம் ஒன்றே ஒன்று, அது பேராதனையில். அங்கே போதனா வைத்தியசாலையும் இருக்கிறது. யாழ்ப்பாணத்தில் இருந்து கண்டி வரை ஏ9 வீதி 321 கிலோமீற்றர். எழும்ப ஏலாத ஒரு நாயை வானில் ஏற்றி அவ்வளவு தூரம் குலுக்கிக்கொண்டு போவது வைத்தியமா தண்டனையா என்று தெரியவில்லை. பஸ்ஸில் ஏற்றமாட்டார்கள். கடைசியில் தெரிந்த ஓட்டோக்கார அண்ணை ஒருவர், பின்சீற்றில் சாக்கு விரித்து, பக்கத்து ஊர் கால்நடை வைத்தியரிடம் கொண்டுபோனார்.

அந்த வைத்தியரின் நாள் முழுக்க மாட்டோடும் ஆட்டோடும் போகிறது. சனம் அவரை "மாட்டு டொக்டர்" என்றுதான் சொல்லும். ஆனாலும் வீமனுக்கு அரை மணித்தியாலம் கொடுத்தார். நடக்கவிட்டுப் பார்த்தார், இடுப்பையும் முழங்காலையும் மெதுவாய் மடக்கிப் பார்த்தார், முள்ளந்தண்டு வழியே விரலால் அமத்திப் பார்த்தார். பாதத்தைத் திருப்பி வைத்துவிட்டு, அது தானாகவே நேரே வைக்கிறதா என்று பார்த்தார். நரம்பில் பிழை இருக்கிறதா என்று அறிய இப்படிச் செய்வார்களாம். இரத்தம் எடுத்து ஈரல், சிறுநீரகம் பார்த்த பிறகுதான் நோ மருந்து எழுதினார். "மருந்து நோவைக் குறைக்கும். நோ குறைஞ்ச நேரத்தில நீங்கள் அதை நடத்தவேணும். நடத்தாட்டி தசை வத்தும், தசை வத்தினால் மூட்டில இன்னும் பாரம் விழும். மிச்சம் வீட்டிலதான் அம்மா" என்றார். வைத்தியரிடம் போக யோசிக்கிறவர்களுக்கு ஒரு சின்ன உதவிக்குறிப்பு: விடிய நாய் எழும்புகிறதைப் போனில் வீடியோ எடுத்துக்கொண்டு போங்கள். புது இடத்துப் பதற்றத்தில் எந்த நாயும் நோவை மறைத்துக்கொண்டு விறைப்பாய் நிற்கும். வீமனும் அங்கே போய் நின்ற நிலையைப் பார்த்தால் வருத்தம் எங்களுக்குத்தான் என்று நினைப்பார்கள்.

வீட்டில் முதல் எதிரி தரை. எங்கட பழைய வீடுகளில் சீமெந்து நிலம் கரடுமுரடாய் இருந்தது, நாய்க்குக் கால் பிடித்தது. வெளிநாட்டுக் காசில் திருத்தின வீடுகளில் எல்லாம் கண்ணாடி மாதிரி ரைல்ஸ். நல்ல காலுள்ள நாயே வழுக்கும். இடுப்பு நோகிற நாய் பின்னங்கால் இரண்டும் அகண்டு விழும். ஒருக்கால் விழுந்தால் பயத்தில் எழும்பவே மறுக்கும். படுக்கிற இடத்தில் இருந்து தண்ணிச் சட்டி வரைக்கும், அங்கே இருந்து வாசல் வரைக்கும், சணல் சாக்கோ றப்பர் விரிப்போ போட்டு ஒரு பாதை செய்யுங்கள். பாய் சரிவராது, அதுவே வழுக்கிக்கொண்டு போகும். நகத்தை வெட்டுங்கள். பாதத்துக்கு அடியில் விரல்களுக்கிடையே வளர்கிற மயிரையும் கத்தரியுங்கள். படியில் ஒரு பலகையைச் சரிவாய் வைத்து அதன்மேல் சாக்கை ஆணியடித்தால் ஏறுபாதை தயார். இத்தனைக்கும் பெரிய செலவு போகாது. வீமன் மருந்து தொடங்கின கிழமையை விட சாக்கு விரித்த கிழமையில்தான் கூட நடந்தான் என்று அம்மா சொல்கிறா.

சூடு பிடிக்கிறதும் நல்லது. பாட்டிமாரின் உப்பு ஒத்தடம், தவிட்டு ஒத்தடம் எல்லாம் இங்கே பொருந்தும், ஒரு கட்டுப்பாட்டோடு. உங்கட முழங்கையின் உட்பக்கத்தில் வைத்து ஒரு நிமிசம் பொறுக்கக்கூடிய சூடு, அவ்வளவுதான். பத்து நிமிசம் வைத்துவிட்டு, தொடையை மெதுவாய்ப் பிடித்துவிட்டு, காலை நோகாத அளவுக்கு மடக்கி நீட்டலாம். மூட்டு வீங்கிச் சுட்டுக்கொண்டிருந்தால் சூடு வைக்கக்கூடாது. எங்கட வீடுகளில் எல்லாத்துக்கும் பூசுகிற தைலமும் பாமும் நாய்க்கு வேண்டாம். நாய் பூசின இடத்தை நக்கும். அதில் இருக்கிற கற்பூரமும் விந்தர்கிரீன் எண்ணெயும் வயிற்றுக்குள் போனால் நஞ்சு.

நடை என்றால் ஞாயிற்றுக்கிழமை ஒரு நாள் மகன் வந்து ஒரு மணித்தியாலம் இழுத்துக்கொண்டு போவது இல்லை. அப்படிச் செய்தால் திங்கட்கிழமை நாய் எழும்பாது. நாளுக்கு இரண்டு தரம், பத்துப் பத்து நிமிசம், கயிற்றில் பிடித்து மெதுவாய். மெதுவாய் நடந்தால்தான் நொந்த காலையும் நிலத்தில் வைத்தாகவேண்டும். ஓடும்போது அதைத் தூக்கிக்கொண்டு மூன்று காலில் சமாளித்துவிடும். வீட்டில் இருத்தி எழுப்புவது நல்ல பயிற்சி: ஒரு துண்டு மீனைக் காட்டி இரு என்று சொல்லி, பிறகு எழும்ப வைப்பது, நாலைந்து தரம். பெரிய நாய் எழும்பச் சிரமப்பட்டால் பழைய சாரத்தை மடித்து வயிற்றுக்குக் கீழால், தொடைக்கு முன்னால் கொடுத்து, இரண்டு தலைப்பையும் மேலே பிடித்துத் தாங்குங்கள். வெளிநாட்டில் இதே வேலைக்குக் கைபிடி வைத்த பட்டி விற்கிறார்கள். சாரம் அதே வேலையைச் செய்யும்.

தண்ணிக்குள் நடக்க வைப்பதுதான் இந்த வைத்தியத்தில் பேர்போனது. பெரிய நகரங்களில் கண்ணாடித் தொட்டிக்குள் ஓடும் பட்டியை வைத்து, சூடான தண்ணியை நிரப்பி நடத்துகிறார்கள். ஏன் தண்ணி? நாய்களை நிறுத்தி அளந்து பார்த்திருக்கிறார்கள்: தண்ணி இடுப்பு மட்டத்துக்கு வரும்போது கால்கள் தாங்கவேண்டியது உடம்புப் பாரத்தில் 38 சதவீதம்தான். முழங்கால் மட்டத்தில் 85 சதவீதம். தசைக்கு வேலை கிடைக்கும், மூட்டுக்குப் பாரம் விழாது. எங்களிடம் அந்தத் தொட்டி இல்லை. ஆனால் குடாநாட்டைச் சுற்றிக் கடல் கிடக்கிறது. காரைநகர்ப் பக்கம் மாதிரி கனதூரத்துக்கு ஆழமில்லாமல், அலையில்லாமல் கிடக்கிற கரைகள் எத்தனை! வெயில் ஏறித் தண்ணியின் குளிர் போன பிறகு, இடுப்பளவு தண்ணியில், கயிற்றையும் சாரத்தையும் பிடித்துக்கொண்டு ஐந்து நிமிசம். நீந்த விடுவதில்லை, நடத்துவதுதான். உலர்ந்த மணலில் கால் புதையும். ஈரமணல் வழியே கூட்டிக்கொண்டு போங்கள். கடல்தண்ணியைக் குடிக்க விடாமல், வீட்டுக்கு வந்து நல்ல தண்ணியில் கழுவித் துடைக்கவேண்டும். வைத்தியரிடம் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். இதயக்கோளாறும் ஆறாத புண்ணும் உள்ள நாய்க்கு இது வேண்டாம்.

சாப்பாட்டைப் பற்றிக் கதைத்தால் அம்மாமாருக்குக் கோபம் வரும். பரவாயில்லை. நாயின் மூட்டுக்கு நாங்கள் செய்யக்கூடிய மிகப் பெரிய உதவி எடையைக் குறைப்பது. அமெரிக்காவில் 48 லப்ரடோர் குட்டிகளைச் சோடி சோடியாய்ப் பிரித்து, ஒன்றுக்கு மற்றதைவிட 25 சதவீதம் குறைவாய்ச் சாப்பாடு கொடுத்து, சாகும்வரை கவனித்தார்கள். முடிவு 2002இல் வெளிவந்தது. குறைவாய்ச் சாப்பிட்டவற்றின் இடைநிலை ஆயுள் 13 வருசம், மற்றவற்றுக்கு 11.2. மூட்டுத் தேய்வும் அவற்றுக்குப் பிந்தித்தான் வந்தது. எங்கட வீடுகளில் நாய் சோறு சாப்பிடும், பிறகு பின்னேரம் பிஸ்கட், பிறகு ஆர் வந்தாலும் பாண் துண்டு. "வயசான காலத்தில ஆசைக்குச் சாப்பிடட்டுமே" என்கிற அன்பு ஒவ்வொரு கிலோவாய் அந்த இடுப்பில் போய் ஏறுகிறது. வீமன் ஆறு மாதத்தில் நாலு கிலோ இறங்கினான். சோற்றில் பாதியைக் குறைத்து, பூசணியும் அவித்த மீனும் போட்டதுதான் இரகசியம். அம்மா ஒளித்துக் கொடுத்த பிஸ்கட்டுகள் கணக்கில் இல்லை.

இனி, நாங்கள் சத்தமாய்ச் சொல்ல விரும்புகிற விசயம். நாய்க்கு நோகிறது என்று தெரிந்ததும் அலுமாரியைத் திறந்து அப்பாவின்ர முழங்கால் குளிசையில் பாதியை உடைத்துக் கொடுப்பது எங்கட ஊரில் சர்வசாதாரணம். டைக்ளோபினாக்கும் இபுபுரோபெனும் நாயின் வயிற்றில் புண் போட்டு இரத்தம் கசிய வைக்கும், சிறுநீரகத்தை அடிக்கும். பனடோல் அளவு மீறினால் ஈரல் போகும். பூனைக்கு ஒரு குளிசையே உயிரை எடுக்கப் போதும். நாய்க்கென்று சோதித்த மருந்துகள் இருக்கின்றன, மெலொக்சிகாம், கார்ப்ரோபென் போல. அவையும் நிறுத்துப் பார்த்து, கிலோவுக்கு இவ்வளவு என்று கணக்குப் போட்டு, சாப்பாட்டோடு கொடுக்கவேண்டியவை. வாந்தியோ கறுத்த மலமோ கண்டால் உடனே நிறுத்திவிட்டு வைத்தியரைக் கூப்பிடவேண்டும். பாமசியில் நிற்கிற தம்பியிடம் "நாய்க்கு ஒண்டு தாங்கோ" என்று கேட்டு வாங்குகிற சாமான் இல்லை இது.

இவ்வளவையும் ஆர் செய்கிறது? இதைத்தான் நாங்கள் கனக்க யோசித்தோம். நாயைக் கொண்டு வந்தது பெரும்பாலும் வீட்டுப் பெடியன். பெயர் வைத்ததும், பேஸ்புக்கில் படம் போட்டதும் அவன். பிறகு அவன் பிரான்சுக்கோ கனடாவுக்கோ போய்விடுவான், அல்லது எங்களைப் போல கொழும்பில் வேலைக்கு. நாய் அம்மாவோடு. நாய்க்கு 12 வயதாகும்போது அம்மாவுக்கு 60 தாண்டிவிடும். அவவுக்கும் முழங்கால் நோ. 30 கிலோ நாயை அவ தூக்கினால் நாயின் நாரியைப் பார்க்கப் போய் அவவின் நாரி போய்விடும். கிழட்டு நாயின் பராமரிப்பு என்று நாங்கள் எழுதுகிற ஒவ்வொரு வரியும் உண்மையில் ஒரு வயதான பொம்பிளையின் முதுகில் ஏற்றுகிற வேலை. வாட்ஸப்பில் "வீமன் எப்பிடி அம்மா?" என்று கேட்டு அழுகிற முகத்தை அனுப்புவது பராமரிப்பு ஆகாது. போகிறவர்கள் போகட்டும், போவதற்கு நூறு காரணம் இருக்கிறது. ஆனால் பலகையை அடித்துவிட்டு, சாக்கை விரித்துவிட்டு, பக்கத்து வீட்டுத் தம்பியிடம் நாளுக்கு இருபது நிமிச நடைக்கு மாதம் இவ்வளவு தருகிறேன் என்று பேசிவிட்டுப் போகலாம். கோயில் திருவிழாவுக்கு அனுப்புகிற காசில் ஒரு சின்னப் பங்கு போதும். வைரவரின் வாகனம்தானே, அவரும் கோபிக்கமாட்டார்.

அரசாங்கத்துக்கு நாய் என்றால் விசர்நாய்க்கடி ஊசிதான். கால்நடைத் திணைக்களத்தின் கண் பாலிலும் இறைச்சியிலும் முட்டையிலும். மாடு ஒரு குடும்பத்தின் சீவியம் என்பதால் அந்த முதலிடத்தை நாங்கள் குறை சொல்லவில்லை. ஆனால் மாதத்தில் ஒரு பின்னேரம், ஒரு அலுவலகத்தில், வயதான வளர்ப்புப் பிராணிகளுக்கென்று ஒதுக்கி, நிறுத்துப் பார்த்து, நடையைப் பார்த்து, வீட்டில் என்ன செய்வதென்று அம்மாமாருக்கு அவர்கள் முன்னாலேயே செய்து காட்டினால் எவ்வளவோ மாறும். பெரிய கருவி எதுவும் தேவையில்லை, ஒரு தராசும் ஒரு விரிப்பும் காணும். பேராதனையில் படிக்கிற எங்கட பிள்ளைகள் விடுமுறைக்கு ஊருக்கு வரும்போது இதைச் செய்ய முன்வந்தால், ஆக்களைச் சேர்க்கவும் ஓட்டோ ஒழுங்கு பண்ணவும் எங்கட குழு தயார். இதை வெறும் வசனமாக எழுதவில்லை, கேட்டுக்கொண்டு வாருங்கள்.

இதெல்லாம் செய்தும் ஒரு நாள் வரும். மருந்து பிடிக்காது, சாரத்தில் தாங்கினாலும் கால் நிலத்தில் நிற்காது, படுத்த இடத்திலேயே மூத்திரம் போய்ப் புண் வைக்கும். ஊசி போட்டு நித்திரையாக்குவது பாவம் என்று எங்கட வீடுகளில் சொல்வார்கள். நோவோடு கிடக்க விடுவதையும், அதைவிடக் கேவலமாய் இரவோடிரவாகச் சந்தையடியில் கொண்டுபோய் இறக்கிவிட்டு வருவதையும் ஏனோ அந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை. இதில் எங்களுக்குள்ளே ஒரே கருத்து இல்லை. இரண்டு பேர் கடைசிவரை ஒத்துக்கொள்ளவில்லை. ஆனால் எந்த முடிவானாலும் அது வீட்டில் அழுகிற இரவில் எடுக்கிற முடிவாய் இருக்கக்கூடாது என்பதில் எல்லாரும் ஒத்துப்போனோம். நாய் இன்னும் வாலாட்டிக்கொண்டு நிற்கிற காலத்திலேயே வைத்தியரிடம் கேட்டு வையுங்கள்: எந்த நிலை வந்தால் எங்களுக்குச் சொல்லுவீங்கள், அந்த நேரம் வீட்டுக்கு வருவீங்களோ, இல்லாட்டி நாங்கள் ஆரைக் கூப்பிடவேணும்?